யூவி கருவியின் மூடியைக் கழற்றினோம்

எங்கள் வேதியியல் துறையில் டபுள் பீம் யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்று இருக்கிறது; ஒரு கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி. ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருக்கிறது, மேசை மேல் துணி போர்த்தி இருக்கிறது, ஓடத்தான் இல்லை. ஆன் செய்தால் தன்னைத்தானே சோதித்துக்கொண்டே வரும். விசிபிள் விளக்கின் முறை வந்ததும் ஆற்றல் குறைவு என்று ஒரு வரி காட்டி நின்றுவிடும். சர்வீஸுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டு ஆப்டிக்ஸ் மொத்தமும் போயிருக்கும் என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் துணியை மறுபடியும் போர்த்திவிட்டோம்.

அதுவரை பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவர்களின் புராஜெக்ட்டுக்கு ஸ்பெக்ட்ரம் எல்லாம் வெளியில்தான். வடசென்னையிலிருந்து பார்த்தால் பெரிய கருவிகள் எல்லாமே ஊரின் அந்தக் கோடியில்: ஐ.ஐ.டி.யில் சைஃப் என்னும் பகுப்பாய்வுக் கருவி மையம், கிண்டியில் பல்கலைக்கழக வளாகம், அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம். சின்னக் குப்பியில் சாம்பிளைப் போட்டு அனுப்பினால் திரும்பி வருவது ஒரு தாள். அதில் ஒரு மேடு. அதைப் புராஜெக்ட் புத்தகத்தில் ஒட்டிவிட்டு, வைவாவில் டியூட்டீரியம் லேம்ப், மோனோகுரோமேட்டர், டிடெக்டர் என்று கட்டம் போட்ட படத்தை ஒப்பிப்பார்கள். அந்த லேம்ப் எவ்வளவு பெரிசு என்று கேட்டால் முழிப்பார்கள். மூலக்கூறின் அமைப்பைப் பார்க்க, திரவ ஹீலியத்தில் காந்தத்தை வைத்திருக்கும் என்.எம்.ஆர். கருவிக்கு வெளியே போவது நியாயம். யூவிக்கும் அப்படி ஓட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. 1941-இல் ஆர்னால்ட் பெக்மனின் நிறுவனம் வெளியிட்ட டியூ கருவியிலிருந்து இன்று வரை இதன் உள்வரிசை பெரிதாக மாறவில்லை. விளக்கு, ஒளி நுழையும் பிளவு, நிறம் பிரிக்கும் பாகம், சாம்பிள், டிடெக்டர். அவ்வளவுதான்.

வாரண்டி எப்போதோ முடிந்துபோன கருவி. துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன் (ஆடிட்டில் யார் கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் வேண்டும்). லேப் அசிஸ்டென்ட் அண்ணாவும், ஆர்வமாக இருந்த மாணவர்கள் சிலரும், நானும் மூடியைக் கழற்றினோம். அதற்கு முன் அண்ணா செய்தது ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கி, வயரின் முனையைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். யூவி ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கைப் பற்றவைக்கச் சில நூறு வோல்ட் தேவை. கப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் தங்கும். அதனால் பிடுங்கிய பிறகும் நன்றாகக் காத்திருந்துதான் கை வைத்தோம்.

உள்ளே முதலில் கண்ணில் பட்டது உப்பு. எங்கள் கட்டடத்தின் ஜன்னல் கடலைப் பார்த்தது. காசிமேட்டுக் காற்று நேரே உள்ளே வரும். திருகுகளின் தலையில் வெள்ளைப் பூச்சு, விளக்கு அறையின் தகரத்தில் துரு. விசிபிள் விளக்கான ஹாலஜன் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடியின் உட்புறம் புகை பிடித்தது போல் கறுத்திருந்தது.

"மேம், பல்பு எரியுதே, அப்புறம் ஏன் எனர்ஜி லோன்னு சொல்லுது?" என்றாள் ஒரு மாணவி.

"எரியறது வேற, வெளிச்சம் குடுக்கறது வேறம்மா" என்றார் அண்ணா.

அந்தக் கறுப்புக்குக் காரணம் உண்டு. ஹாலஜன் பல்பில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை உள்ளிருக்கும் ஹாலஜன் பிடித்துத் திரும்ப இழைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குப் பல்பின் சுவர் நல்ல சூட்டில் இருக்க வேண்டும், ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல். மின்னழுத்தம் குறைவாக வந்தால் சூடு போதாது. டங்ஸ்டன் சுவரிலேயே படிந்துவிடும். எங்கள் கட்டடத்தில் ஏ.சி. போடும் நேரத்தில் வோல்டேஜ் எப்படி இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பல்பில் எழுதியிருந்ததைப் பார்த்தோம்: 12 வோல்ட், 20 வாட், இரண்டு முள் வைத்த ஜி4. ஷோகேஸ் அலமாரிக்குள் அலங்காரத்துக்கு வைக்கும் அதே வகை. ரிச்சி தெருவில் கேட்டபோது கடைக்காரர், "எதுக்கு மேடம் இது, எல்.இ.டி. வாங்கிக்கோங்க, கரண்ட் மிச்சம்" என்றார். நல்ல மனசு. ஆனால் வெள்ளை எல்.இ.டி.யின் ஸ்பெக்ட்ரத்தில் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு நீல முகடு, அப்புறம் ஒரு பள்ளம், அதன் பிறகு மஞ்சளை ஒட்டி அகலமாக ஒரு மேடு. 400-க்குக் கீழே ஒன்றுமே இருக்காது. ஹாலஜனுக்குத்தான் 350-இலிருந்து 1000 வரை இடைவெளி இல்லாத ஒரே சரிவு.

பல்பை மாற்றுவது வேலையில் பாதிகூட இல்லை. முதலில், விரல் படக்கூடாது. தோலின் உப்பும் எண்ணெயும் சூட்டில் குவார்ட்ஸைக் கெடுத்துப் பால் நிறமாக்கும். டிஷ்யூவால் பிடித்துச் செருகி, ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்தோம். இரண்டாவதுதான் முக்கியம். கடைப் பல்பில் இழை இருக்கும் உயரம் பழையதிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விலகியிருந்தது. அப்படியே போட்டால் வெளிச்சம் பிளவுக்கு மேலே விழும். கருவி மறுபடியும் ஆற்றல் குறைவு என்றே சொல்லும். பிளவுக்கு முன்னால் வெள்ளை அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, பல்பின் அடித்தகட்டுத் திருகுகளைத் தளர்த்தி மெல்ல நகர்த்தினோம். இழையின் பிம்பம் அட்டையில் ஏறி இறங்குவதைப் பார்த்தபடியே பிளவின் நடுவுக்குக் கொண்டுவந்து, சர்வீஸ் மெனுவில் ஆற்றல் எண் உச்சத்துக்குப் போகும் இடத்தில் திருகை இறுக்கியாயிற்று. கண்ணாடிகள் முன்பக்கமே அலுமினியம் பூசியவை. அவற்றைத் துடைக்கக் கூடாது. ரப்பர் பல்பால் காற்று மட்டும் ஊதலாம். நிறம் பிரிக்கும் கிரேட்டிங் பக்கம் அதுகூட வேண்டாம்.

ஆன் செய்ததும் அந்த வரி வரவில்லை. ஆப்டிக்ஸ் மொத்தமும் போகவில்லை என்பது தெரிந்தது.

அடுத்து நான் ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த ஒன்று. அறை விளக்கை அணைத்துவிட்டு, சாம்பிள் ஊற்றும் சின்னச் சதுரக் குப்பியான குவெட் வைக்கும் இடத்தில் அதே வெள்ளை அட்டையை வைத்தோம். அலைநீளம் 700 நானோமீட்டர் கொடுத்தால் மங்கிய சிவப்புக் கோடு. 600-இல் ஆரஞ்சு, 550-இல் பளிச்சென்று பச்சை, 510-இல் நீலம் லேசாகக் கலந்த பச்சை, 450-இல் நீலம். ஒவ்வொரு எண்ணையும் அவர்களே அழுத்தினார்கள். இரும்பை அளக்க நாங்கள் தயாரிக்கும், ஆரஞ்சு-சிவப்பாக இருக்கும் இரும்பு-பினான்த்ரோலின் கரைசலை ஏன் 510-இல் அளக்கிறோம் (அது விழுங்குவது அந்தப் பச்சையைத்தான்) என்று அதற்கப்புறம் யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஒரு எச்சரிக்கை: எங்கள் கருவியில் டிடெக்டர் சிலிக்கான் போட்டோடையோடு. அதிக வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகக்கூடிய போட்டோமல்டிப்ளையர் குழாய் இருக்கும் கருவியில் மூடியைத் திறந்து இப்படி விளையாடக் கூடாது.

அலைநீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தெரிந்த இடங்களில் ஒளியை உறிஞ்சும் ஹோல்மியம் கண்ணாடி வாங்குவார்கள். எங்களிடம் இல்லை. ஆனால் அளவுகோல் ஒன்று கருவிக்குள்ளேயே இருக்கிறது: டியூட்டீரியம், அதாவது கன ஹைட்ரஜன், விளக்கு. அது யூவியில் தொடர் ஒளி தந்தாலும், விசிபிளில் 656.1, 486.0 என்ற இரண்டு இடங்களில் கூர்மையான கோடுகள் கொடுக்கும். பாமர் 1885-இல் சூத்திரம் எழுதிய அதே ஹைட்ரஜன் கோடுகள். முதலாண்டில் அணு அமைப்புப் பாடத்தில் எல்லோரும் போட்ட கணக்குத்தான். கரும்பலகையில் ஒரு பையன் மறுபடி போட்டான். ரிட்பர்க் மாறிலியை 5/36-ஆல் பெருக்கித் தலைகீழாக்கினால் 656.3 நானோமீட்டர். "மேம், 0.2 இடிக்குதே?" என்றான். இடிக்கத்தான் வேண்டும். டியூட்டீரியத்தின் கரு இருமடங்கு கனம்; அதனால் கோடு அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். 1931-இல் ஹரால்ட் யூரி டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்ததே இந்தத் தள்ளல்களைப் பார்த்துத்தான். 1934-இல் நோபல் பரிசு. எங்கள் கருவிக்கு அந்த 0.2-ஐப் பிரித்துக் காட்டும் கூர்மை கிடையாது. ஆனாலும் மனப்பாடம் செய்த எண் ஒன்று திரையில் முள்ளாக எழுந்து நிற்பதை அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

முள் எழுந்த இடம்தான் சரியில்லை: 658-க்கும் மேலே. 486-உம் ஏறக்குறைய அதே அளவு தள்ளியிருந்தது. இரண்டு கோடுகளும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்தால் கிரேட்டிங் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. எண்ணத் தொடங்கும் இடம் மாறியிருக்கிறது. கிரேட்டிங்கைத் திருப்பும் மோட்டாரின் தொடக்க நிலையைக் காட்டிக் கொடுக்க ஒரு சின்ன ஒளி சென்சார் உண்டு. கவை மாதிரி இரண்டு கால், நடுவே ஒரு தகடு வந்து மறைக்கும். அந்தக் கால்களுக்கு நடுவில் தூசியும் உப்பும் பஞ்சாகப் படிந்திருந்தன. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸால் துடைத்து மறுபடி ஆன் செய்ததும் முள் 656-இல் வந்து உட்கார்ந்தது. இரண்டு நானோமீட்டர் பிசகினால் குடி முழுகுமா என்றால், இரும்புக்கு முழுகாது. அதன் மேடு அகலம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் 526, 546 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகடு. அங்கே உடனே பல்லிளிக்கும்.

உறிஞ்சல் அளவு சரியா என்று பார்க்க டைகுரோமேட். உலர்த்திய பொட்டாசியம் டைகுரோமேட் 60 மில்லிகிராமை 0.005 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால், 257-இலும் 350-இலும் மேடு, 235-இலும் 313-இலும் பள்ளம். 350-இல் 0.64-ஐ ஒட்டியும் 257-இல் 0.87-ஐ ஒட்டியும் வர வேண்டும். வந்தது. மருந்துக் கம்பெனிகளின் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) லேபில் கருவியைச் சரிபார்க்கச் செய்வதும் இந்த வேலைதான். எங்கள் மாணவர்களில் நிறையப் பேர் போய்ச் சேரும் இடம் அது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. கையுறை கட்டாயம், மீதியைச் சிங்க்கில் கொட்டாமல் மோர் உப்பு (பெரஸ் இரும்பு உள்ள ஒரு உப்பு) போட்டுப் பச்சையாக மாற்றித் தனி டப்பாவில் சேர்க்கிறோம்.

கண்ணாடிகளின் பூச்சு பழசு என்பதால் சிதறல் ஒளி பற்றிச் சந்தேகம் இருந்தது. இது பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் விஷயம்; கணக்குப் போட்டால்தான் உறைக்கும். சாம்பிளைத் தொடாமல் குறுக்கு வழியில் டிடெக்டருக்கு வந்து சேரும் ஒளி வெறும் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான உறிஞ்சல் 2 என்றால் கருவி 1.70 காட்டும். உண்மை 3 என்றால் 1.96. எவ்வளவு அடர்த்தியாகக் கரைத்தாலும் 2-ஐத் தாண்டவே தாண்டாது. நேர்கோடு மேல் முனையில் கீழ்நோக்கி வளைகிறது, பியர் விதி (அடர்த்தி ஏறும் அளவுக்கு உறிஞ்சலும் ஏறும் என்பது) உடைகிறது என்று மாணவர்கள் எழுதும் இடங்களில் பாதி இந்தக் கருவிக் கோளாறாகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதனால் இப்போது லேபில் ஒரு சட்டம்: 1-ஐத் தாண்டிய ரீடிங் எழுதாதே, நீர்த்துவிட்டு வா.

சரி, கருவி தயார். எதை அளப்பது? மாணவர்கள் வீட்டிலிருந்தே வந்தது பதில். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எர்ணாவூர் என்று பல இடங்களிலிருந்து வருபவர்கள். "எங்க வீட்டு போர் தண்ணி பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் மேம், காலைல பார்த்தா மஞ்சளா இருக்கும், பக்கெட்ல கறை போகவே போகாது." நிலத்தடியில் காற்றுப் படாத வரை இரும்பு பெரஸ் வடிவில் நிறமில்லாமல் கரைந்திருக்கும். வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் பெரிக் ஹைட்ராக்சைடாக மாறிக் கீழே படியும்.

செய்முறை பழசுதான், நம்பகமானது. 0.702 கிராம் மோர் உப்பை அமிலம் சேர்த்த நீரில் ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இரும்பு. அதைப் பத்து மடங்கு நீர்த்து, 50 மில்லி ஸ்டாண்டர்ட் பிளாஸ்க்குகளில் 1 மில்லி முதல் 10 மில்லி வரை எடுத்தால் லிட்டருக்கு 0.2-இலிருந்து 2 மில்லிகிராம் வரை வரிசை கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு (பெரிக்கைப் பெரஸ் ஆக்க), அசிட்டேட் பஃபர் (பி.எச். மாறாமல் இருக்க), 1,10-பினான்த்ரோலின் (நிறம் தர). பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மோலார் உறிஞ்சல் திறன் 11,100 என்று வைத்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு உறிஞ்சல் 0.199 வர வேண்டும். எங்கள் கோட்டின் சரிவு 0.19 சொச்சம். எக்செல்லில், புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.999 வரவில்லை என்று ஒரு குழு மூட் அவுட். நான் அதைவிடக் கோடு எந்த இடத்தில் அச்சை வெட்டுகிறது என்று பார்க்கச் சொல்வேன்.

அங்கேதான் ஒரு கோளாறு பிடிபட்டது. பிளாங்க்கே, அதாவது இரும்பே சேர்க்காத கரைசலே, லேசாக ரோஸ் நிறம் காட்டியது. டிஸ்டில்டு வாட்டரைச் சந்தேகப்பட்டோம், ஹைட்ராக்சிலமீன் பாட்டிலைச் சந்தேகப்பட்டோம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்ததில் சுத்தம். கடைசியில் ஒரு மாணவி பீக்கரைச் சூடாக்கும் இடத்தில் குனிந்து பார்த்தாள். மேலே இரும்பு ஸ்டாண்டும் கிளாம்பும். கடற்காற்றில் துருவேறிப் பொடியாக உதிர்பவை. அமில நீராவி பட்டதும் அந்தத் துரு பீக்கருக்குள் விழுந்துகொண்டிருந்தது. வாட்ச் கிளாஸ் போட்டு மூடி, ஸ்டாண்டைத் தள்ளி வைத்து, கண்ணாடிப் பாத்திரங்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசியதும் பிளாங்க் தண்ணீராக நின்றது. வேறு ஊர்க் கல்லூரிக்கு இந்தப் பிரச்சினை வருமோ என்னமோ, ராயபுரத்தைச் சுற்றி இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

சாம்பிள் பிடிப்பதில் இரண்டு பாட்டில் முறை வைத்தோம். ஒரே குழாயில், ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில். ஒன்றில் முன்கூட்டியே 100 மில்லிக்கு 2 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்னொன்றில் எதுவும் இல்லை. அமிலத்தை அளந்து ஊற்றி மூடிய பாட்டிலை நாங்களே கொடுத்துவிட்டோம். மறுநாள் இரண்டும் மேசை மேல். அமிலம் போட்டது தெளிவு. போடாததன் அடியில் காவி நிறத்தில் மெல்லிய படலம். போடாத பாட்டிலில் மேலாக எடுத்து அளந்தால் லிட்டருக்கு 0.2, அமிலப் பாட்டிலில் 1.4. ஒரே தண்ணீர். முதல் எண்ணை மட்டும் எழுதியிருந்தால் 'இரும்பு பிரச்சினை இல்லை' என்று புராஜெக்ட் முடிந்திருக்கும். போடாத பாட்டிலிலேயே அமிலமும் ஹைட்ராக்சிலமீனும் விட்டுச் சூடாக்கியபோது படலம் கரைந்து, எண் பழையபடி ஏறி வந்தது.

மொத்த இரும்புக்கு 50 மில்லி சாம்பிளைக் கொதிக்கவைத்துச் சுண்டவிட்டு, கடைசியில் 100 மில்லியாக்குகிறோம். ஆகவே கோட்டிலிருந்து வரும் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். நிறையப் பேர் சறுக்கும் இடம். இன்னொன்று குவெட். நீர்க்காமல் 0.3 மில்லிகிராமுக்கு உறிஞ்சல் 0.06-தான், இரண்டு மடங்கு நீர்த்தால் 0.03. கண்ணாடியில் ஒரு விரல் ரேகை பட்டாலே 0.01, 0.02 கூடும். சொரசொரப்பான பக்கத்தைப் பிடி, குறியிட்ட முகம் எப்போதும் விளக்கைப் பார்த்து இருக்கட்டும் என்று ஆயிரம் முறை சொல்வதைவிட, வேண்டுமென்றே ரேகை வைத்து ஒருமுறை அளக்கச் சொன்னது வேலை செய்தது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பில் இரும்பின் எல்லை லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், பிறகு வந்த திருத்தத்தில் அது 1.0 ஆனது. கொண்டுவந்த சாம்பிள்களில் ஒன்று 0.6 காட்டியது. பழைய எண்ணை வைத்தால் தவறு, புதியதை வைத்தால் சரி. எந்தப் பதிப்பு என்று எழுதாமல் 'எல்லைக்கு மேல்' என்று எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தெருப் பெயர்களை அறிக்கையில் போடவில்லை. ஒரு குழாய்த் தண்ணீரை வைத்து ஒரு தெருவையே தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதில் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்கது ஒரு மாணவியின் புராஜெக்ட். ஹைட்ராக்சிலமீன் சேர்க்காமல் அளந்தால் பெரஸ் மட்டும் தெரியும். திறந்த பாட்டிலில் அது நேரத்தோடு எப்படி இறங்குகிறது என்று வரைந்தாள். பி.எச். ஒரு அலகு ஏறினால் இந்த ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய நூறு மடங்கு வேகமாகும்; அதை அவள் தன் வீட்டுத் தண்ணீரிலேயே பார்த்தாள். பி.எச். 6.5-இல் சோம்பலாக இறங்கிய கோடு 7.5-இல் செங்குத்தாக விழுந்தது. வாளிக்கு வாளி உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றேற்றி, இரவு முழுக்க வைத்து மணல் வழியாக வடித்தால் எவ்வளவு குறைகிறது என்பதை இப்போது அளந்துகொண்டிருக்கிறாள்.

பராமரிப்புக்குச் செய்திருப்பவை சில்லறை வேலைகள். ஜன்னலை நிரந்தரமாக அடைத்தாயிற்று. கருவிக்கு ஒரு ஆன்லைன் யூ.பி.எஸ். உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். நிறம் மாறியதும் 110 டிகிரி அவனில் காயவைத்து மறுபடி போடுவது அந்த வாரப் பொறுப்பு மாணவரின் வேலை. ஹாலஜன் பல்பு உபரியாக டிராயரில் இருக்கிறது. யார், எவ்வளவு நேரம், எந்த விளக்கு என்று எழுத ஒரு நோட்டு.

டியூட்டீரியம் விளக்கை மட்டும் மாற்றவில்லை. சாதாரணமாக ஆயிரம் மணி நேரம் சொல்வார்கள்; எங்களுடையது எவ்வளவு ஓடியது என்பதற்குக் கணக்கே இல்லை. 235 வரை ஒழுங்காக வருகிறது. 220 நெருங்கும்போது பேஸ்லைன் (சாம்பிள் இல்லாமல் வரும் கோடு) புல் முளைத்தாற்போல் ஆகிவிடுகிறது. அலுமினியப் பூச்சு பழசானாலும் முதலில் அடிபடுவது இந்தப் பக்கம்தான். அதனால் 220-இலும் 275-இலும் அளந்து நைட்ரேட் பார்க்கும் புராஜெக்ட்டைத் தள்ளி வைத்திருக்கிறோம். விளக்குக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்தாயிற்று, ஃபைல் ஆபீஸில் இருக்கிறது.